நிழலில் போன சிவப்பு

"நீங்க எங்க அத்தாவுக்கு என்ன வேணும்?"

கபுருஸ்தானில், என் மனைவியை அடக்கம் செய்த மேட்டின் தலைமாட்டில், கையில் சின்னக் கத்தரிக்கோலோடு குந்தியிருந்த என்னைப் பார்த்து ஒரு பெண் இப்படிக் கேட்டார். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். அவருக்கு ஐம்பது வயது மதிக்கலாம். முக்காடு, தோளில் அலுவலகப் பை, காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. அவருக்குப் பின்னால் கட்டுமஸ்தான ஓர் ஆள் கைப்பேசியை உயர்த்தி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த அத்தா?" என்றேன். எங்கள் ஆட்களுக்கு அப்பாதான் அத்தா.

"நீங்க வாராவாரம் தண்ணி ஊத்துறீங்களே, அந்த அத்தா."

நான் கீழே பார்த்தேன். மண் மேடு, சுற்றிலும் செங்கல் வரிசை, தலைமாட்டில் நெட்டுக்குத்தாக நிற்கும் சிவப்புச் செடி. எல்லாம் போன வாரம் விட்டுப்போனபடியே இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் வாரம் தவறாமல் வந்து யாசீன் ஓதும் இடம்.

"இது என் பெஞ்சாதி" என்றேன்.

"இது எங்க அத்தா" என்றார் அவர்.

கைப்பேசிக்காரர் ஓரடி முன்னால் வந்து என் கத்தரிக்கோலைக் கிட்டத்தில் படம் பிடித்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதலாளி வீட்டுக் கல்யாணக் கதையைப் பாதிப் பந்தியில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். இந்த வாரம் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் நான்கு பேர் இதை நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான்கிலும் எனக்குத்தான் புத்தி குறைவு.

வெயில் தின்னும் நிறம்

வேலையை விடும் வரைக்கும் நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் கலக்கினேன். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினால், அதே நிறத்தை டின்னில் கொடுப்பேன். கடைசிக் காலத்தில் அதற்கு ஒரு மெஷின் வந்தது. மெஷினும் நானும் பெரும்பாலும் ஒத்துப்போனோம். ஒத்துப்போகாத இடங்களில் மெஷின்தான் தப்பு.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம். வெயில் நிறத்தைத் தின்னும். அதிலும் சிவப்பை முதலில் தின்னும். இந்த ஊர் வெயிலில் சிவப்புக் கதவு மூன்று வருஷத்தில் ரோஸ் கதவாகிவிடும். "செவப்பா? வெளிச்செவுத்துக்கு வேணாம் பாய்" என்று நான் திருப்பி அனுப்பிய ஆட்களை வரிசையில் நிறுத்தினால் ஒரு ஜும்ஆத் தொழுகையே நடத்தலாம்.

என் மனைவி ஜமீலா இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. வாசலை ஒட்டி ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை போகும். எங்கள் பேச்சில் அது அஞ்சடி. அதன் வெளியோரத்தில் ஜமீலா தொட்டிகள் வைத்திருந்தாள். பூச்செடி கிடையாது. பூ உதிரும், பெருக்க வேண்டும், பெருக்கி முடித்ததும் மறுபடி உதிரும். "பூவுக்கு வேலைக்காரியா இருக்க என்னால ஆகாது" என்பாள்.

அவளுக்குப் பிடித்தவை நிமிர்ந்து நிற்கும் நிற இலைகள். பின்வரிசையில் மார்பளவு உயரத்துக்குச் சிவப்பு ஜென்ஜுவாங். கரும்பு மாதிரிக் கணு வைத்த தண்டு, உச்சியில் நீட்டு நீட்டாக மேலே பார்க்கும் இலைகள். முன்வரிசையில் மஞ்சள் கரை போட்ட, வாள் மாதிரி இலை விடும் செடி. மலாய்க்காரர்கள் அதை லிடா ஜின், அதாவது ஜின்னின் நாக்கு, என்பார்கள். அந்தி மஃரிப் நேரத்தில் தனியாக நின்று தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு அந்தப் பெயர் சரிப்படவில்லை. கத்திச் செடி என்று மாற்றிவிட்டாள்.

நான் எல்லாவற்றையும் குரோட்டன்ஸ் என்பேன். நம் ஆட்களுக்குப் பச்சை இல்லாத இலை எல்லாமே குரோட்டன்ஸ்தானே. "இது குரோட்டன்ஸ் இல்லைங்க, ஜென்ஜுவாங்" என்று கல்யாணமான நாளிலிருந்து திருத்தினாள். நானும் கல்யாணமான நாளிலிருந்து குரோட்டன்ஸ் என்றே சொன்னேன்.

ஒருமுறை நர்சரியில் வாங்கிய தொட்டியில், வருடம் முழுவதும் வண்ணம் என்று ஓர் அட்டை செருகியிருந்தது. பினாங்கில் 'வருடம் முழுவதும்' என்பதைத் தவிர வேறு பருவம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அப்ப பூ மட்டும் ஏங்க ஒரு வாரத்துல கொட்டிப்போவுது?" என்றாள். நான் பேப்பரை எடுத்துப் படித்தேன்.

சண்டை ஆரம்பித்தது நிறத்தில்தான். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தொட்டிகள் மேல் வெயில் நேராக விழும். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு சிவப்புத் தொட்டிகளைத் தூக்கி வீட்டுக்கு நடுவில் உள்ள முற்றத்தில், நிழலாகப் பார்த்து வைத்தேன். நிறம் நிற்கட்டும் என்றுதான். இரண்டு மாதத்தில் அவை பாசிப் பச்சையாகிவிட்டன.

"நெழல்ல வெச்சா செவப்பு போயிடுங்க. அதுக்கு வெயில் வேணும்" என்றாள்.

"வெயில்தான் செவப்பைத் திங்கும். இது தண்ணிக் கோளாறு" என்றேன்.

அவள் தொட்டிகளை வெளியே வைத்தாள். புதிதாக வந்த இலைகள் சிவப்பாக வந்தன. உரம் என்றேன். நான் மறுபடி உள்ளே வைத்தேன். பச்சை. மண் பழசு என்றேன். இப்படியே அந்த இரண்டு தொட்டிகளும் வீட்டுக்குள் வருவதும் போவதுமாக இருந்தன. கட்டிக்கொடுத்த மகள்கூட அத்தனை தடவை வந்துபோனதில்லை.

அவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

ரோட்டோரத்துக் குச்சி

அந்தச் செடிகளில் ஒன்று அவளுக்கு உசத்தி. பெரிய சாலையின் நடுத்திட்டில் நின்ற செடிகளை யாரோ வெட்டி ஓரத்தில் குவித்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவள், குவியலிலிருந்து நாலு குச்சியை உருவி, பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் கரும்பா என்று கேட்டாராம்.

சாண் அளவுக்கு வெட்டினாள். வெட்டு வாய் காயட்டும் என்று இரண்டு நாள் நிழலில் போட்டாள். மணலும் கரித்த உமியும் சரிபாதி கலந்து, இரண்டு கணு உள்ளே போகும்படி செருகினாள். பிறகு அதை மறந்துவிட வேண்டும் என்றாள். சும்மா சும்மா ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்காது. நான் ஆட்டிப் பார்த்தது பிடிக்கவில்லை. மற்ற மூன்றும் பிடித்தன.

அந்தச் சிவப்பை எப்படிச் சொல்வது? வெற்றிலை போட்டவர் வாய்ச் சிவப்பு. இலையின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் இழுத்தது போல ஒரு ரோஸ் கோடு. என் நிற அட்டையில் அதற்குச் சரியான ஜோடி இல்லை. இரண்டு சிவப்பைக் கலந்து, ஒரு சொட்டு கறுப்பு விட்டால் கிட்டத்தில் வரும். இதை அவளிடம் சொன்னபோது, கடையிலேயே வராத நிறம் தன் தொட்டியில் வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

குழாய்த் தண்ணீர் அந்த இலைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. நுனி கருகும். அதனால் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு போகாமல் துணி கட்டி வைப்பாள். அப்படியும் கருகும் நுனிகளைக் கத்தரிப்பதுதான் செடி விஷயத்தில் எனக்குக் கொடுத்திருந்த ஒரே வேலை. நேராகக் கத்தரித்தால் மொட்டையாகத் தெரியும். இலை எப்படிக் கூராகப் போகிறதோ அப்படியே இரண்டு பக்கமும் சாய்த்துக் கத்தரிக்க வேண்டும். அளவு பார்த்து வேலை செய்த கை. அதில் மட்டும் அவள் என்னைக் குறை சொன்னதே இல்லை.

கல் வேண்டாம்

சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு, ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"எனக்குத் தலைமாட்டுல மீசான் கல்லு வைக்காதீங்க. ஒரு ஜென்ஜுவாங் வையுங்க, போதும்."

"ஏன்?"

"கல்லை வெச்சா மனுசன் அதோட விட்டுருவான். செடின்னா தண்ணி ஊத்த வரணும்ல."

சரி என்றேன். நான் அவளிடம் மறு பேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்ட விஷயங்களில் இது ஒன்று. மற்றவை இப்போது ஞாபகத்தில் இல்லை.

அவள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கெம்போஜா மரம். தோண்டுவதற்கு இடைஞ்சல் என்று அதன் கிளைகளை அந்த வாரம்தான் கழித்திருந்தார்கள். மொட்டையான மரம், நல்ல வெயில். ஏழாம் நாள் ரோட்டோரத்துக் குச்சியில் வளர்ந்த செடி ஒன்றைத் தொட்டியோடு கொண்டுபோய்த் தலைமாட்டில் நட்டேன். இந்த வெயிலில் நிறம் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

கோலாலம்பூரில் இருக்கும் மகன் பாரூக், கல் வைக்கலாம் என்றான். பளபளப்பான கறுப்புக் கல், தங்க எழுத்து. நான் அம்மாவின் சொல்லைச் சொன்னேன். "செடியெல்லாம் அடையாளமா அத்தா?" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் பெயிண்ட் கலக்கியவனுக்குச் சிவப்பு தெரியாதா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் ஒழுங்காகப் போய்வந்தேன். ஒரு நாள் அஞ்சடியில் அவள் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாசியில் வழுக்கி, கணுக்கால் உடைந்தது. மகள் நசீமா என்னைப் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கட்டுப் போட்டு, பிரித்து, மறுபடி போட்டு, நாலைந்து மாதம். தடியோடு திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை கபுருஸ்தானுக்குப் போனேன்.

கெம்போஜா மரம் தழைத்துக் குடையாக விரிந்திருந்தது. அதன் கீழே மூன்று மேடுகள், மூன்றின் தலைமாட்டிலும் பச்சைச் செடிகள். பத்து எட்டுத் தள்ளி, குழாய்க்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், ஒரு மேட்டில் சிவப்பு ஜென்ஜுவாங்.

நான் யோசிக்கவே இல்லை. நட்டது வெயிலில். நட்டது சிவப்பு. நிழலில் நிற்கும் சிவப்பு பச்சையாகாது; அது என் சட்டம். ஆகவே பச்சை மூன்றும் வேறு யாரோ. கிட்டப்போய்ப் பார்த்தபோது, சிவப்பு கொஞ்சம் செங்கல் பக்கமாக இருந்தது. ஓரத்து ரோஸ் கோட்டையும் காணோம். அதை வெயில் தின்றுவிட்டது என்று முடிவு செய்தேன்.

ஸலாம் சொல்லி, உட்கார்ந்து, யாசீனைத் திறந்தேன்.

ஒரு வருஷப் பேச்சு

ஓதி முடித்ததும் கொஞ்சம் பேசுவேன். உயிரோடு இருந்தபோது பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், இப்போது வாய் மூடாமல் பேசினேன். மருமகள் சாம்பாரில் சீனி போடுவது, வீட்டுக்காரன் கூரையைப் பழுது பார்க்காமல் நாள் கடத்துவது, என் கணுக்கால், என் மலச்சிக்கல் எல்லாம் சொன்னேன். "பாத்தியா, வெயில்ல ரோஸ் கோடு போச்சு. நான் அப்பவே சொன்னேன்" என்று அந்தப் பழைய சண்டையிலும் ஒரு புள்ளி எடுத்துக்கொண்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கருகிய நுனிகளைச் சாய்த்துக் கத்தரிப்பேன். கொண்டுபோன மழைத் தண்ணீரை ஊற்றுவேன். பிறகு வெயில் தாங்காமல் கெம்போஜா நிழலில், மரத்தடியில் போய் உட்கார்ந்து வியர்வை துடைப்பேன். போத்தலில் மிச்சம் இருக்கும் தண்ணீரைப் பக்கத்தில் நின்ற பச்சைச் செடிக்குக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு வருஷம் இதேதான்.

ஹாஜியார்

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

அந்தப் பெண்ணின் பெயர் ராபியா. கைப்பேசிக்காரர் அவருடைய தம்பி. ராபியா தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடக்கம் அன்று, நான் கால் உடைந்து மகள் வீட்டில் கிடந்த மாதத்தில், எடுத்த படம். அதே குழாய், அதே மேடு, தலைமாட்டில் கன்றாக அதே செடி, சுற்றிலும் நின்ற ஆட்களில் இந்தத் தம்பி. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"கல்லு ஏன் வைக்கலை?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"எந்த எழுத்துல எழுதுறதுன்னு இன்னும் முடிவாகலை. அண்ணன் தமிழ்ங்கிறாரு, இவன் ஜாவிங்கிறான்."

தம்பி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எலையை எதுக்கு வெட்டுறீங்க?"

"நுனி கருகியிருந்துச்சு."

"நாங்க போமோ வேலைன்னு நெனச்சோம் அங்கிள்."

போமோ என்றால் மந்திரவாதி. ஒவ்வொரு வாரமும் இலை நுனிகள் மட்டும் சீராகக் காணாமல் போனால் வேறு என்ன நினைப்பார்கள்? ஆனால் பிரச்சினை அதுவும் இல்லை என்று ராபியா சொன்னார். பிரச்சினை அவருடைய அம்மா. அத்தாவின் கபுரில் யாரோ தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாராம். ஏழெட்டு மாதமாக அத்தாவின் பெயரையே எடுப்பதில்லை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

"நான் அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க" என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே இது விசித்திரமானது.

"இங்க உக்காந்து பேசவும் செய்வீங்களாமே?"

"ஆமா."

"அத்தாவுக்குக் காது கேக்காது" என்றார் ராபியா. கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "ரெண்டு காதும். மெஷின் வாங்கிக் குடுத்தோம், போட மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்தேன். இது ராபியாவின் அத்தா ஹாஜியார் என்றால், ஜமீலா எங்கே?

கபுரு வெட்டும் காதரைக் கூப்பிட்டோம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இது ஹாஜியார் கபுரு லா. அக்கா அந்தப் பக்கம், கெம்போஜாவுக்குக் கீழ."

"ஒரு வருசமா பாத்துக்கிட்டுதானே இருக்கே? ஏன்டா சொல்லலை?"

"ஹாஜியாருக்குச் சொந்தம்னு நெனச்சேன் அண்ணே. ஓதுறவங்களைப் போயி, யாருக்கு ஓதுறீங்கன்னு கேக்க முடியுமா?"

கெம்போஜாவுக்குக் கீழே போனோம். மூன்று மேடுகள். நான் வராத மாதங்களில் கால்வாய் வெட்டியபோது செங்கல் வரிசைகளைக் கலைத்துவிட்டார்கள், மூன்றில் எது என்று தனக்கே நிச்சயமில்லை என்றான் காதர். ஜமீலா போன மாதத்தில் மூன்றுக்கும் அவன்தான் தோண்டினான். மூன்றிலும் கல் இல்லை. மூன்றிலும் ஒரே மாதிரிப் பச்சைப் புடிங், அதாவது மலாயில் குரோட்டன்ஸ்.

"புடிங் இல்லை, ஜென்ஜுவாங்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

வழியில் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்தைப் பார்த்து, ஓதியதெல்லாம் ஹாஜியாருக்குப் போய்விட்டதா என்று கேட்டேன். "மனசுல நிய்யத் யாருக்கோ அவங்களுக்குத்தான் போய்ச் சேரும், கவலைப்படாதீங்க" என்றார். "பேசினது?" என்று கேட்டேன். "பேச்சைப் பத்தி எனக்குத் தெரியாது பாய்" என்றார்.

பாரூக்குக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "கல்லு இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா அத்தா?" என்றான். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்ற வரவேண்டும் என்பதற்காகத்தான் செடி கேட்டாள். நானும் போனேன். மழையிலும் தடியோடும் போனேன். போய் ஒரு செவிட்டு மனிதரிடம் மருமகளின் சாம்பாரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அழுகை வந்தது. மூன்று மணி வெயிலில், தெருவில் ஆட்கள் போய்வர, உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கடைச் சீனர் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்போது எதிரே பின்வரிசையில் அந்த ரோட்டோரத்துச் செடிகள் நின்றன. வெயில் முழுக்க அவற்றின் மேல்தான். ஒரு சிவப்பும் குறையவில்லை. ரோஸ் கோடு அப்படியே இருந்தது. அதை நான் இத்தனை வருஷமாகத் தினமும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளை

மறுநாளே காதரிடம் போனேன்.

"கெளையை வெட்டணும். மூணு செடி மேலயும் வெயில் விழணும்."

"எதுக்கு அண்ணே?"

"நெழல்ல செவப்பு போயிடும். வெயில் பட்டா புது எலை செவப்பா வரும்." தடியைக் கெம்போஜா பக்கம் நீட்டினேன். "என் பெஞ்சாதி சொன்னது."

மற்ற இரண்டும் பிறவியிலேயே பச்சை என்றால் பச்சையாகவே வரும். சிவப்பானாலும் ரோஸ் கோடு வராது. அது அவளுடையதில் மட்டும்தான் வரும். காதருக்கு இது விளங்கியதா தெரியவில்லை. ஆனால் நிர்வாகத்தில் கேட்டு அனுமதி வாங்கி, ரம்பத்தால் நாலு கிளையைக் கழித்துவிட்டான். வெட்டிய இடத்தில் பால் ஒழுகியது. மூன்று மேட்டிலும் வெயில் விழுந்தது.

முளைத்த இலை நிறம் மாறாது, புது இலைதான் நிறம் காட்டும். புது இலை நடுக்குருத்திலிருந்து சுருட்டிய சுருட்டு மாதிரி வெளியே வரும். அவசரப்படுத்த முடியாது. விரலால் பிரித்துப் பார்த்தால் கிழியும். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றில் யார் என்று தெரியும்வரை மூன்றுக்கும் ஓத வேண்டியதாயிற்று. ஹாஜியாரையும் திடீரென்று விட முடியவில்லை, பழகிவிட்டது. ஆக, வெள்ளிக்கிழமைக்கு நான்கு யாசீன். ஜும்ஆவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

இரண்டாவது வாரம் ஒரு கார் வந்து கபுருஸ்தான் வாசலில் நின்றது. பின் கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே ஹாஜியாரின் மனைவி. வெள்ளைத் துணிக்குள் சின்ன முகம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். என் தடியையும் பார்த்தார்.

"இவரா?" என்றார் மகளிடம்.

"இவருதாம்மா."

"சரி" என்றார். கண்ணாடி ஏறியது. அன்றைக்கு மத்தியானமே படம் சுவருக்குத் திரும்பிவிட்டது என்று ராபியா பிறகு சொன்னார்.

நாலாவது வாரம் இடதுபக்கச் செடி இலை விரித்தது. பச்சை. ஐந்தாவது வாரம் வலதுபக்கச் செடி விரித்தது. அதுவும் பச்சை. மிச்சம் இருந்தது மரத்தடியை ஒட்டி நின்ற செடி. அதன் குருத்து இன்னும் இறுக்கமாகச் சுருண்டிருந்தது. அந்தச் செடியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக மிச்சத் தண்ணீரைக் கொட்டிய செடி. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்து வியர்வை துடைத்தேன்.

அந்த வாரம் என்னால் ஒழுங்காக ஓத முடியவில்லை. இதுவும் பச்சையாக வந்தால் என்ன செய்வது? மூன்றும் பச்சை என்றால் அவளை நான் இனிமேல் கண்டுபிடிக்கப் போவதில்லை. சண்டையில் நான் ஜெயித்துவிடுவேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, அல்லாவே, அவள் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று துஆ கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நுழையும்போதே தெரிந்தது. மொத்தப் பச்சைக்கும் நடுவில், நிமிர்ந்து, ஒரே ஓர் இலை. வெற்றிலைச் சிவப்பு. கிட்டப்போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ரோஸ் கோடு.

தடியைக் கீழே போட்டுவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கணுக்கால் வலித்தது. புத்தகத்தைத் திறக்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"நீ சொன்னதுதான் சரி, ஜமீலா" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

ஹாஜியாரின் கபுருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். என் பக்கம் திரும்பினார்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"என் பெஞ்சாதிகிட்ட."

கிழவி தன் கணவரின் மேட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்குக் காது கேக்குமா?"

"நல்லாக் கேக்கும்" என்றேன்.